கேட் சாத்தித்தான் இருந்தது

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், பொங்கல் முடிந்த மறு வாரத்தில், அவள் வளர்த்த நாயை நான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுபோய் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனதால் நாய் ஓடிப்போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். செய்தது இவ்வளவுதான், இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது. அந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆனது.

நாங்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் குடியிருக்கிறோம். பம்ப்செட் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் நான் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருக்கிறேன். உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை ஒரு பக்கமும் ஒதுக்குவது என் வேலை. மனைவி வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள். ஒரே மகள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. என் அண்ணன் மகன் டாக்டர் ஆனதிலிருந்து சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காரும்போதே பேச்சு அங்கே போய்விடும்.

"உங்க பொண்ணு என்ன படிக்குதுங்க?"

"பத்தாவதுங்க. அதும் டாக்டருக்குத்தானுங்க."

இதைச் சொல்லும்போது மகள் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் நான் கேட்டதே இல்லை.

நாய் வந்தது பத்தாவது பரீட்சை முடிந்த லீவில். மழைக்கு ஒதுங்கி பஸ் ஸ்டாப்பில் நடுங்கிக்கொண்டிருந்த தெருநாய்க் குட்டியைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கி வந்தாள். செம்மண் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடிந்தும் இருக்கும். அவள் அதற்கு வைத்த பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து படித்தால் அவள் பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்ளும். பாதம் மரத்துப்போனாலும் நகர்த்த மாட்டாள். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி, குளக்கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். அந்தத் தெளிவை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் புத்தியில் அது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீண் என்றுதான் பதிந்தது.

பதினொன்றாம் வகுப்பில் நீட் கோச்சிங்கில் சேர்த்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய் ஒரு மணி நேரம் படித்துவிட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டெஸ்ட். மறுநாள் பெற்றோர்களுக்கான வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கும் வரிசையாக வந்து விழும். வேலைக்கு நடுவில் போனை எடுத்து அவள் பெயரை மேலிருந்து தேடுவேன். சில மாதம் போனபின், கீழிருந்து தேடினால் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று புரிந்தது.

அதன் பிறகு நான் வீட்டில் ஒரு வார்டன் ஆகிவிட்டேன். சுவரில் டைம்டேபிள் ஒட்டினேன். அவள் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். சிநேகிதி பிறந்தநாளா, போக வேண்டாம். மாமன் மகள் நிச்சயதார்த்தமா, அதற்கும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அவள் சண்டை போட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பரில் ஒரு டெஸ்டில் பாதி மார்க்குகூட வரவில்லை. அன்று சாயங்காலம் அவள் நாயோடு கிளம்பும்போது நான் கேட்டை மறித்து நின்றேன்.

"நாயோட நாயாத் திரிஞ்சா மார்க்கு எங்கிருந்து வரும்?"

"அப்பா, அரை மணி நேரந்தானுங்க. தல வலிக்குது."

"படிக்கறவளுக்குத் தல வலிக்கத்தான் செய்யும். உன்ற அண்ணன் படிக்காமயா டாக்டர் ஆனான்?"

"எனக்கு வேண்டாங்கப்பா. எனக்கு என்ன வேணும்னு இன்னும் தெரியல. ஆனா இது இல்லைன்னு தெரியுது."

"தெரியாதவ தெரிஞ்சவங்க சொல்றதக் கேக்கோணும்."

"போப்பா! உனக்கு டாக்டர் வேணும்னா நீயே போய்ப் படி!"

எங்கள் பக்கத்தில் பெற்றவர்களிடம் 'ங்க' போடாமல் பேசுவது சின்ன விஷயமில்லை. நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. நாய் எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த நாய் இருக்கும்வரை இவள் படிக்க மாட்டாள் என்று நான் முடிவு கட்டியது அப்போதுதான். இப்போது யோசித்தால், அவள் என்னை எதிர்த்துப் பேசியதற்கு நாயைத் தண்டித்தேன் என்றுதான் படுகிறது.

கம்பெனியில் கூட வேலை செய்பவரின் மச்சானுக்குக் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தது. தோப்புக் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று சொல்லியிருந்தார். பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை மத்தியானம் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மனைவிக்கு விஷயம் சொன்னேன். அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"ஏனுங்க, குடுக்கோணும்னா அவகிட்டச் சொல்லிப்போட்டுக் குடுங்க. அழுவா, ரெண்டு நாள் உங்ககூடப் பேசமாட்டா. பரவால்ல. பொய் மட்டும் சொல்லாதீங்க."

"பரீட்சை நேரத்துல அழுதுட்டு உக்காந்தா யாரு படிக்கறது? தானாப் போயிருச்சுன்னா ஒரு வாரத்துல மறந்துருவா."

"நான் சொல்ல மாட்டேனுங்க அந்தப் பொய்ய."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

ஸ்கூட்டரை எடுத்ததும் நாய் தானாக வந்து கால் வைக்கும் இடத்தில் ஏறி நின்றுகொண்டது. அதற்கு வண்டியில் போவது பிடிக்கும். வெள்ளலூர் வழியாகப் பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்தேன். மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டும்போதெல்லாம் அது முன்னங்கால்களை ஹேண்டில் பக்கம் தூக்கி வைத்துக் காற்றுக்கு மூக்கைக் காட்டிக்கொண்டு வந்தது. ஒரு வளைவில் சரிந்தபோது என் முழங்காலில் சாய்ந்து நின்றது. நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

தோப்புக்காரர் நல்ல மனிதர். "கட்டி வெக்கோணுங்களா?" என்று கேட்டார். "ஒரு வாரம் கட்டி வைங்க, பழகிரும்" என்றேன். ஒரு தென்னை மரத்தில் கயிற்றைக் கட்டினார். நாய் குரைக்கவில்லை, இழுக்கவும் இல்லை. நான் திரும்பி வருவேன் என்று உட்கார்ந்துவிட்டது.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்று என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். காலையில் கேஸ் சிலிண்டர் வந்ததாக மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் வந்தபோது எனக்கு ஒரு நிம்மதி ஏற்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மகள் வந்ததும் சொன்னேன். அவள் பையைக்கூடக் கழற்றாமல் தெருவில் ஓடினாள். சந்து சந்தாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, வண்டிய எடுங்க" என்றாள். எடுத்தேன். நாயை ஏற்றிக்கொண்டு போன அதே ஸ்கூட்டர். ஒண்டிப்புதூர் வரை போனோம், இருகூர் பக்கம் போனோம், குளக்கரையைச் சுற்றினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் "மெதுவாங்கப்பா" என்பாள். நான் மெதுவாக ஓட்டினேன். குப்பைத் தொட்டியோரம் நாய்கள் படுத்திருந்தால் நிறுத்தினேன். இல்லாத ஒன்றைத் தேடுவதில் அவ்வளவு அக்கறை காட்டினேன்.

ஒரு வாரம் தினமும் சாயங்காலம் இப்படிப் போனோம். அவள் படம் போட்டு ஒரு நோட்டீஸ் அடித்தாள். ஜெராக்ஸ் கடையில் ஐம்பது பிரதி எடுத்துக் கொடுத்தவன் நான். பசை வாங்கி வந்ததும் நான். கரண்ட் கம்பத்தில் அவள் ஒட்டும்போது காகிதத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, திரும்பி வரும்போது பின்னாலிருந்து என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க இத்தன தேடுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்கப்பா."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். வண்டியை ஓரம் கட்டி, "கண்ணு, நாய் கிணத்துக்கடவுல பத்திரமா இருக்குது" என்று சொல்லியிருந்தால் மறுநாளே கூட்டி வந்திருக்கலாம். நான் சொல்லவில்லை. ஒரு வருடமாக என்னிடம் சண்டை மட்டுமே போட்டவள் என் முதுகில் சாய்ந்திருந்தாள். அந்தச் சாய்வை இழக்க எனக்கு மனம் வரவில்லை. நான் செய்ததில் மிகக் கேவலமானது எது என்று என்னைக் கேட்டால், நாயைக் கொடுத்தது அல்ல, இதைத்தான் சொல்வேன்.

அடுத்த மாதம் கேஸ் போடுபவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவும் தாத்தாவும் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவர்கள், இவர்தான் டவுனுக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்தவர் என்று மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்து வருடமாக எங்கள் தெருவுக்கு அவர்தான். மகள் அவரிடம் நேராகக் கேட்டாள்.

"ஏனுங்ணா, கேட்ட சாத்தாமப் போயிட்டீங்களே. என்ற நாய் போயிருச்சு."

அவர் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு நின்றார். "நான் சாத்திட்டுத்தான் கண்ணு போனேன்..." என்று ஆரம்பித்தார். அவள் கண் கலங்கியதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மறந்துபோட்டனோ என்னமோ. வயசாகுதல்ல. மன்னிச்சுக்க அம்மணி. நான் எல்லாத் தெருவுக்கும் போறவன். கண்ல பட்டா விடமாட்டேன்."

நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு மெஷினை வேகமாக மிதித்தாள்.

அவர் சொன்னபடியே தேடினார். சிலிண்டர் இல்லாத நாளிலும் வண்டியை எங்கள் வீட்டு முன் நிறுத்தி, "கண்ணு, ஒண்டிப்புதூர்ல ஒண்ணு பாத்தேன், காது ரெண்டும் நிமிந்திருந்துச்சு, அதில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இதற்கிடையில் தோப்புக்காரரிடமிருந்து போன் வந்தது. எட்டாவது நாள் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு நாய் போய்விட்டதாம். வந்துவிடும் என்று காத்திருந்ததால் உடனே சொல்லவில்லையாம். "உங்க ஊட்டுக்கு வந்துச்சுங்களா?" என்று கேட்டார். அப்போது நான் கம்பெனியில் இருந்தேன். கையிலிருந்த அளவுகோலை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். என் பொய் உண்மையாகிவிட்டிருந்தது. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், மகள் டெஸ்டுக்குப் போனபின், ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி ரோடு முழுக்கத் தனியாகத் தேடினேன். அந்த ரோட்டில் பஸ்ஸும் லாரியும் போகிற வேகம் எல்லோருக்கும் தெரியும். ரோட்டோரம் ஏதாவது கிடந்தால் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கிடைக்கவில்லை. உயிரோடும் இல்லை, மற்றபடியும் இல்லை.

மகள் படித்தாள் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஒட்டிய டைம்டேபிள்படி புத்தகம் மாறும், பக்கம் மாறாது. பப்ளிக் பரீட்சையில் பாஸானாள். நீட்டில் சீட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ரிசல்ட் வந்த அன்று நான் இன்னொரு வருடம் கோச்சிங் போகச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். "சரிங்கப்பா, நீங்க சொல்றபடியே" என்றாள். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். பிறகு அவள் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. "அன்னிக்குக் காலைல டெஸ்டுக்குப் படிக்கோணும்னு வாக்கிங் கூட்டிட்டுப் போகலீங்கம்மா. அதான் கேட்டு தொறந்ததும் கெளம்பிருச்சு. என்னாலதான்."

நான் சொன்ன ஒரு பொய்க்கு இரண்டு பேர் பழியைச் சுமந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் சுமக்கவில்லை.

ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை. எனக்கு லீவு. கேஸ் போடுபவர் வேகமாக வந்து கேட்டுக்கு வெளியிலிருந்தே "கண்ணு!" என்று கூப்பிட்டார். இருகூரில் ஒரு வீட்டு வாசலில் படுத்திருந்த நாயைப் போனில் படம் பிடித்து வந்திருந்தார். செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. மகள் வெறுங்காலோடு ஓடினாள். ஐந்து மாதத்தில் அவள் அப்படி ஓடி நான் பார்க்கவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இல்லீங்ணா. இதுக்கு நெத்தில வெள்ள இருக்குது."

"எம்மேல தப்பு கண்ணு. அந்தக் கேட்ட மட்டும் அன்னிக்கு..."

"விடுங்ணா. உங்க மேல மட்டும் இல்ல."

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். திட்டம் எதுவும் இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"கேட்டு சாத்தித்தான் இருந்துச்சுங்க. நாந்தான் நாயக் கொண்டுபோய்க் கிணத்துக்கடவுல ஒரு தோப்புல விட்டேன். உங்க மேல பொய் சொல்லிப்போட்டேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பேசியவர் அவர்தான். குரலை உயர்த்தவில்லை.

"அஞ்சு மாசமா ஒவ்வொரு ஊட்டுலயும் கேட்ட ரெண்டு தாட்டி இழுத்துப் பாத்துட்டுத்தான் வண்டி ஏறுறேனுங்க. பாதி வழி போயி மறுக்கா திரும்பி வந்து பாப்பேன். எனக்கு மறதி வந்துருச்சுன்னு ஊட்டுல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க."

சொல்லிவிட்டு வண்டியை எடுக்கத் திரும்பினார். போகும்போது, மகள் திறந்து போட்டிருந்த எங்கள் கேட்டைச் சாத்திவிட்டுப் போனார்.

மகள் அழவில்லை. "வண்டிய எடுங்க" என்றாள். கிணத்துக்கடவு வரைக்கும் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மேல் படாமல் உட்கார்ந்து வந்தாள். தோப்புக்காரர் அந்த மரத்தைக் காட்டினார். எத்தனை நாள் இருந்தது, என்ன சாப்பிட்டது என்று கேட்டாள்.

"எட்டு நாளுங்க அம்மணி. மொத ரெண்டு நாளு ஒண்ணும் திங்கல. அப்பறம் சோறு வெச்சாத் திங்கும். ரோட்டுல ஸ்கூட்டர் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கும்."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். திரும்பும்போது மெயின்ரோட்டில் இறங்கி, "நான் பஸ்ல வாரேனுங்க" என்றாள். அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே உக்கடம் வரைக்கும் ஓட்டி வந்தேன். கடைசி சீட்டில் அவள் பின்னந்தலை தெரிந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

தெரிந்தும் சொல்லாததற்காக அவள் அம்மாவிடமும் இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவர்களுக்குள் சரியாகிவிட்டது. கோச்சிங் போகவில்லை. நான் கேட்கவும் இல்லை. அவளே விண்ணப்பித்து வேறு ஊரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். நன்றாகப் படிக்கிறாள் என்று மனைவி சொல்லித் தெரியும்.

கேஸ் போடுபவரின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவர் மனைவி டீ கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். "ஆச்சுங்க, விடுங்க" என்றார். அவர் மகள் உள்ளிருந்து வந்து, "எங்கப்பா ராத்திரி தூங்காம இருந்தாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டீயை அங்கேயே வைத்துவிட்டு வர முடியாமல் முழுக்கக் குடித்தேன். அவர் இப்போதும் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறார். வேலையை முடித்துவிட்டுப் போகிறார். நின்று பேசுவதில்லை.

மகள் போனில் என்னிடமும் பேசுவாள். "நல்லா இருக்கீங்களாப்பா, சாப்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று எல்லாவற்றிலும் 'ங்க' தவறுவதில்லை. கேட்டை மறித்து நின்ற அன்று "போப்பா" என்று கத்தினாளே, அப்படி ஒரு தடவை கத்தமாட்டாளா என்று இருக்கிறது.

போன தீபாவளிக்கு வந்திருந்தாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, நான் எதிரில் போய் நின்றேன். பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"கண்ணு, அப்பாவ மன்னிச்சுரு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"மன்னிச்சுட்டேன்னு இப்பச் சொன்னா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். ஆனா எனக்கு இன்னும் அப்படித் தோணலீங்கப்பா. தோணாம சொன்னா அதும் பொய்தானுங்களே. தோணறப்ப நானே சொல்றேன்."

"சரி கண்ணு."

"அந்தத் தக்காளிய எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவள் நறுக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். போகச் சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் போனாள். அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே போனாலும் போகலாம். தினமும் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும் நேரத்தில் மனைவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.